சுளுக்கிய கணுக்காலும் வீடியோ கேமும்: ஒரு சின்ன வரலாறு



போன வாரம் உறவில் ஒரு பெண் போன் செய்தாள். "சித்தப்பா, பாப்பாவுக்குக் கபடியில் கால் மடங்கி மூணு மாசமாச்சு. வீக்கம் போயிடுச்சு. ஆனா நடக்கும்போதே திடீர் திடீர்னு கால் நழுவுதுங்கறா. பிசியோதெரபியில ஒரு பலகை மேல ஏத்தி வீடியோ கேம் விளையாடச் சொல்றாங்க. இது நெசமாவே வைத்தியமா, இல்ல காசு பிடுங்குற வேலையா?" என்று கேட்டாள். போனில் நாலு வார்த்தையில் சொல்லி முடிகிற பதில் இல்லை. முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்த பழக்கம், தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் சுவாரசியமான ஒரு வரலாறு கிடைத்தது. நம் பாலசமுத்திரத்தில் கால் மடங்காத வீடே கிடையாது என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுளுக்கு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பத்தாம் வகுப்பில் எலும்புக்கூடு படம் வரையச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கணுக்காலின் வெளிப்பக்கம் எலும்புகளைக் கட்டி நிறுத்த மூன்று நார்கள் உண்டு. டாக்டர்கள் லிகமென்ட் என்பார்கள். உள்பக்கத்துக் கட்டு பலமானது, வெளிப்பக்கம் அத்தனை பலமில்லை. பாதம் உள்ளே மடங்கி உடம்பின் எடை அதன்மேல் விழும்போது முதலில் இழுபடுவதும் கிழிவதும் பெரும்பாலும் முன்பக்கத்து நார்தான். வரப்பில் நடக்கும்போதும், மலைப் படியில் இறங்கும்போதும், பாதயாத்திரையில் தார் ரோட்டின் ஓரத்தில் கால் சறுக்கும்போதும் நடப்பது இதுவேதான்.

நம் ஊரில் இதற்கு என்ன செய்வோம்? புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போடுவோம். எண்ணெய் தடவி வழித்துவிடுவோம். காலால் பிறந்தவர் யாராவது தெருவில் இருந்தால் அவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வோம். நாலு நாளில் வீக்கம் வற்றும், வலி குறையும், "சரியாப் போச்சு" என்று எழுந்து ஓடுவோம். இந்த இடத்தில்தான் சங்கதியே இருக்கிறது. வலி போவதும் கணுக்கால் சரியாவதும் ஒன்றல்ல.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். உங்களில் சிலருக்கு ஆள் புரிந்துவிடும். ரெய்டு போனால் வெறும் கையோடு திரும்பாதவன். பத்தாவது படிக்கும்போது எதிரணிப் பையன் கணுக்காலைப் பிடித்து இழுத்ததில் கால் மடங்கியது. ஒரு வாரம் பற்று, அப்புறம் மறுபடியும் ஆட்டம். அந்த வருஷமே நாலு தடவை அதே கால். பன்னிரண்டாவது வரும்போது மைதானத்துக்கே வருவதில்லை. சமதரையில் நடந்தாலும் கால் தானாக மடங்குகிறது என்பான். "பயந்துட்டான்" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவனுக்கு இருந்தது பயமில்லை. மருத்துவத்தில் அதற்குப் பெயரே இருக்கிறது, நாள்பட்ட கணுக்கால் உறுதியின்மை. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் முதல்முறை சுளுக்கியவர்களை ஒரு வருஷம் பின்தொடர்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்துக்கு நாலு பேர் இந்த நிலைக்கு வந்திருந்தார்கள். சாதாரணமாக நினைக்கிற ஒரு காயத்துக்கு இது சின்னக் கணக்கா?

இதைச் சரியாக முதலில் பிடித்தவர்களில் முக்கியமானவர் லண்டனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் மைக்கேல் ஃபிரீமன். பின்னாளில் செயற்கை முழங்கால் மூட்டு வடிவமைப்பில் பெயர் பெற்றவரும் இவரே. 1965-ல் டீன், ஹான்ஹம் என்ற இருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நார் கிழிந்து, பிறகு ஆறிவிட்ட பலருக்கும் கால் நழுவுகிறதே, ஏன் என்பது கேள்வி. அவர் சொன்ன பதில் இது. நார் வெறும் கயிறு அல்ல. அதற்குள் நரம்பு முனைகள் உண்டு. பாதம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற சேதியை அவை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நார் கிழியும்போது தந்திக் கம்பியும் சேர்ந்து அறுகிறது. நார் ஒட்டிக்கொண்டாலும் சேதி வருவதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கைத் தொடுங்கள். தொட முடிகிறதல்லவா? கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உங்களுக்குத் தெரிகிறது. இந்த உணர்வுக்கு 1906-ல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் செரிங்டன் புரோப்ரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தார். ஐம்புலன் என்று பாடம் நடத்தினேனே, அதில் சேராத இன்னொரு புலன் இது.

ஃபிரீமன் வியாதியைச் சொன்னதோடு நிற்கவில்லை, மருந்தையும் சொன்னார். அடிப்பக்கம் வளைவாக இருக்கிற, நின்றால் ஆடுகிற ஒரு மரப்பலகை. அதன்மேல் நின்று விழாமல் பழக வேண்டும், அவ்வளவுதான். அப்படிப் பழகியவர்களிடம் "கால் நழுவுகிறது" என்ற புகார் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்தது. இன்றைக்கும் எந்த பிசியோதெரபி அறைக்குப் போனாலும் மூலையில் அந்தப் பலகை கிடக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. ஃபிரீமன் சொன்ன காரணம் முழுக்கச் சரியில்லை என்று பின்னால் தெரிந்தது. கணுக்கால் நாருக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு ஆளை நிற்க வைத்துப் பார்த்தார்கள். சமநிலை பெரிதாகக் கெடவில்லை. ஏனென்றால் சேதி நாரிலிருந்து மட்டும் வருவதில்லை. தசையிலிருந்தும், தோலிலிருந்தும், கண்ணிலிருந்தும் வருகிறது. இன்னொன்றும் உண்டு. கால் மடங்குவது கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். சேதி மேலே போய், உத்தரவு கீழே வந்து, தசை இழுத்துப் பிடிப்பதற்குள் காரியம் கெட்டிருக்கும். ஆகவே பாதம் தரையைத் தொடும் முன்பே மூளை தசையைத் தயார் செய்து வைத்திருக்க வேண்டும். காயம்பட்ட பின் குலைவது பெரும்பாலும் இந்த முன்தயாரிப்புதான் என்று இப்போது கருதுகிறார்கள். காரணம் மாறியது, மருந்து மாறவில்லை. பலகை அப்படியே நின்றது.

ஆனால் பலகையில் ஒரு குறை இருந்தது. அலுப்பு! ஒற்றைக்காலில் அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாள், இரண்டு மாசம் நிற்கச் சொன்னால் எந்தப் பிள்ளை நிற்கும்? வகுப்பில் தண்டனையாக நிற்க வைத்தாலே ஐந்து நிமிஷத்தில் சுவரில் சாய்கிற கூட்டம் நீங்கள். வீடியோ கேம் கதைக்குள் வருவது இந்த அலுப்பின் வழியாகத்தான்.

1999 வாக்கில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஜிரோன், கிரிகோர் புர்டியா என்பவர்களும் அவர்கள் கூட்டாளிகளும் ஒரு கருவி செய்தார்கள். பெயர் 'ரட்கர்ஸ் ஆங்கிள்'. நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை ஒரு மேடையில் கட்டிக்கொள்வார். மேடைக்குக் கீழே காற்றழுத்தத்தில் இயங்கும் ஆறு உருளைகள். எந்தப் பக்கமும் சாயும், எதிர்த்தும் தள்ளும். எதிரே கம்ப்யூட்டர் திரையில் ஒரு விமானம் பறக்கும். பாதத்தை மேலே தூக்கினால் விமானம் ஏறும், கீழே அழுத்தினால் இறங்கும், பக்கம் சாய்த்தால் திரும்பும். திரையில் வருகிற வளையங்களுக்குள் விமானத்தை நுழைக்க வேண்டும். எத்தனை முறை, எவ்வளவு கோணம், எவ்வளவு பலம் என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும்.

சுளுக்கிய காலுக்காகத் தொடங்கியது, போகப் போகப் பக்கவாதக்காரர்களின் பக்கம் போனது. 2009-ல் வெளிவந்த ஒரு சோதனையைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பக்கவாதம் வந்து கால் பலவீனமான 18 பேர். எல்லோருக்கும் அதே கருவி, அதே பயிற்சி. பாதிப் பேருக்குத் திரையில் விமானமும் படகும் ஓடின, மற்றவர்களுக்குத் திரை கிடையாது. நாலு வாரம் கழித்து, விளையாடியவர்கள் மற்றவர்களைவிட வேகமாகவும் அதிக தூரமும் நடந்தார்கள். கருவி ஒன்றுதான், வித்தியாசம் விளையாட்டில் இருந்தது.

இந்த மாதிரிக் கருவி ஆய்வுக்கூடத்துக்குச் சரி. வீட்டுக்கு வந்தது வேறு வழியாக. ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 2006-ல் 'வீ' என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அடுத்த வருஷக் கடைசியில் 'வீ ஃபிட்' வந்தது, கூடவே ஒரு வெள்ளைப் பலகை. அதன் பெயரே பேலன்ஸ் போர்டு. உருவாக்கியவர் ஷிகெரு மியாமோட்டோ. குண்டான சுமோ மல்லர்களை இரண்டு எடைத்தட்டில் ஆளுக்கு ஒரு காலாக நிற்க வைத்து நிறுப்பார்களாம், யோசனைக்கு அதுவும் ஒரு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். பலகையின் நாலு மூலையிலும் எடை உணரும் கருவி. உங்கள் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது நொடிக்கு நொடி கண்டுபிடிக்கும். திரையில் ஒரு பென்குவின் பனிக்கட்டி மேல் சறுக்கும், நீங்கள் இடமும் வலமும் சாய்ந்து அதற்கு மீன் பிடித்துத் தர வேண்டும். இன்னொரு விளையாட்டில் பந்து பறந்து வரும், தலையால் முட்ட வேண்டும். நடுநடுவே பூட்ஸும் பாண்டா தலையும் பறந்து வரும், அவற்றிலிருந்து ஒதுங்க வேண்டும். உலகம் முழுக்க இரண்டு கோடிக்கு மேல் விற்றது.

நின்டெண்டோ இதை மருந்தாக விற்கவில்லை. உடற்பயிற்சி விளையாட்டு என்றுதான் விற்றது. ஆஸ்பத்திரிக்குள் இழுத்துக்கொண்டு போனவர்கள் பிசியோதெரபிஸ்டுகள். 2010-ல் மெல்போர்னில் ராஸ் கிளார்க் குழுவினர் இந்தப் பலகையை ஆய்வுக்கூடத்து விசைத்தட்டோடு ஒப்பிட்டார்கள். நூறு டாலருக்குள் கிடைத்த விளையாட்டுச் சாமான், அதைப்போல் பல மடங்கு விலையுள்ள கருவிக்குப் பக்கத்தில் நிற்கிற அளவுக்கு சமநிலையை அளந்தது. ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்கு இது எவ்வளவு பெரிய சேதி என்று யோசித்துப் பாருங்கள்.

விளையாட்டு எப்படி உதவுகிறது? சந்தோஷம் ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கேப்ரியேல் வுல்ஃப் என்ற அம்மையார் 1998-ல் ஜெர்மனியில் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஆட்களை ஏற்றிப் பார்த்தார். ஒரு கூட்டத்திடம் "உங்கள் பாதத்தைக் கவனியுங்கள்" என்றார். இன்னொரு கூட்டத்திடம் பாதத்தை விட்டுவிட்டுக் கருவியின் சக்கரத்தைக் கவனிக்கச் சொன்னார். இரண்டாவது கூட்டம்தான் நன்றாகக் கற்றுக்கொண்டது. உடம்பை உற்றுக் கவனித்தால் உடம்பு தடுமாறுகிறது. மூச்சு விடாமல் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டு ஏழு பேருக்கு நடுவில் நிற்பவன் தன் கணுக்காலையா பார்த்துக்கொண்டிருப்பான்? பென்குவினைப் பார்த்துக்கொண்டே நிற்கப் பழகிய கால்தான் அங்கே உதவும்.

இதுவரை படித்துவிட்டு "அப்போ ஒண்ணு வாங்கிடலாமே" என்று கிளம்பிவிடாதீர்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

ஜெனிவாவில் புண்ட், அலே முதலிய ஆய்வாளர்கள் கணுக்கால் சுளுக்கிய 90 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வீ ஃபிட், ஒரு பிரிவுக்கு வழக்கமான பிசியோதெரபி, மூன்றாவது பிரிவுக்குப் பயிற்சியே இல்லை. ஆறு வாரம். 2016-ல் அச்சான முடிவு: மூன்று பிரிவும் தேறியது, ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை! கிரேக்க நாட்டில் 2014-ல் முன்பு காயம்பட்ட இளம் விளையாட்டு வீரர்களிடம் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கேமராவை வைத்துப் பார்த்தார்கள். சமநிலையில் விளையாட்டும் பழைய பயிற்சியும் ஏறத்தாழ ஒன்றுதான். விளையாடியவர்கள் அதிக சந்தோஷமாக இருந்தார்கள்.

ஜெனிவா முடிவைப் பார்த்து "அப்படியானால் எதுவுமே வேண்டாம்" என்று முடிவு கட்டுவது அவசரம் என்பேன். ஆறு வாரத்தில் வலியும் நடையும் தேறுவது வேறு, அடுத்த ஒரு வருஷத்தில் அதே கால் மறுபடி மடங்காமல் இருப்பது வேறு. இரண்டாவது கேள்விக்குப் பதில் நெதர்லாந்தில் இருக்கிறது. கால் சுளுக்கிய 522 விளையாட்டு வீரர்கள். வழக்கமான சிகிச்சையோடு, பாதிப் பேருக்கு மட்டும் வீட்டிலேயே செய்கிற எட்டு வார சமநிலைப் பயிற்சி. ஒரு வருஷத்துக்குள் மறுபடி சுளுக்கியவர்கள், பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம், செய்யாதவர்களில் 33 சதவீதம். 2009-ல் வெளியானது. இதில் வீடியோ கேம் எதுவும் கிடையாது. பிறகு அதே நாட்டில் இந்தப் பயிற்சியைச் செல்போன் செயலியாக்கி, 220 பேரில் பாதிப் பேருக்குச் செயலியையும் மீதிப் பேருக்கு அச்சிட்ட கையேட்டையும் கொடுத்தார்கள். பயிற்சியை விடாமல் செய்வதில் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. செல்போன் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். புத்தகம் கொடுத்த வாத்தியாருக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம் என்பதையும் மறைக்கவில்லை.

இன்னொரு சங்கடம். கடைச் சரக்கை நம்பி வைத்தியம் செய்தால் கடை மூடும்போது வைத்தியமும் மூடும். 'வீ' உற்பத்தி 2013-ல் ஜப்பானில் நின்றது. 2010-ல் வந்து அறுபது நாளில் 80 லட்சம் விற்ற கினெக்ட், 2017-ல் முடிந்தது. அதை நம்பிப் பயிற்சி வகுத்தவர்கள் பழைய சாமான் தேட வேண்டியதாயிற்று. அறுபது வருஷத்துக்கு முந்தைய மரப்பலகைக்கு அந்தக் கவலை இல்லை.

அதனால்தான் நம் வேலூரில் நடப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு 1963-ல் தனித் துறை தொடங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் சாலை விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இரண்டு காலும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966-ல் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. அந்த சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கருவியை உருவாக்கியிருக்கின்றன. இது காலுக்கு அல்ல, பக்கவாதத்தில் செயலிழந்த கைக்கு. ஒரே மோட்டார், பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தினால் மணிக்கட்டு, முன்கை, விரல்கள் என்று வேறு வேறு பயிற்சி. திரையில் ஓடும் எளிய விளையாட்டை நோயாளி தன் கையால் ஆட்டுகிறார். ரட்கர்ஸில் பாதம் ஓட்டிய விமானத்தின் தம்பி என்றே சொல்லலாம். பொம்மைக் கம்பெனியின் தயவில் இல்லாமல் நோயாளிக்கென்றே இங்கேயே செய்தது. கணுக்காலுக்கும் இதுபோல் ஒன்று, நம் அரசு மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகும் விலையில் வர வேண்டும் என்பது என் ஆசை.

பாண்டி ஆட்டத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்களே கேட்பீர்கள். சில்லை எறிந்துவிட்டு ஒற்றைக்காலில் நொண்டி, கோட்டை மிதிக்காமல், கண்ணைச் சில்லின்மேல் வைத்துத் தாண்டுகிற ஆட்டம். பிசியோதெரபிஸ்ட் கேட்பதில் முக்கால்வாசி அதில் இருக்கிறது. அதற்காக "நம் முன்னோர்கள் கணுக்கால் வைத்தியத்துக்காகவே பாண்டியைக் கண்டுபிடித்தார்கள்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள், எனக்கும் அனுப்பாதீர்கள். பிள்ளைகள் விளையாட்டுக்காக விளையாடினார்கள். கால் பழகியது கூடக் கிடைத்த லாபம். காயம் புதிதாக இருக்கும்போது நொண்டி ஆடக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கால் மடங்கியதும் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: கனடாவின் ஒட்டாவா நகரத்து டாக்டர்கள் 1992-ல் வகுத்த எளிய விதி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அடிபட்டதும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொளியின் பின்விளிம்பில் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். அப்போது மிதிக்கவும் வழிக்கவும் யாரையும் விடாதீர்கள். எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்து, டாக்டர் சொன்ன நாளிலிருந்து சமநிலைப் பயிற்சி. சுவர் ஓரமாக ஒற்றைக்காலில் நிற்பது, பிறகு சுவரைத் தொடாமல், பிறகு கண்ணை மூடி, பிறகு மெத்தென்ற தலையணைமேல், பிறகு யாராவது பந்து எறிய அதைப் பிடித்தபடி. எட்டு வாரம். பிசியோதெரபிஸ்டிடம் பலகையும் திரையும் இருந்தால் தாராளமாக ஏறி விளையாடட்டும். காசு பிடுங்கும் வேலை இல்லை. ஆனால் வீட்டில் வாங்கி வைக்க வேண்டியதும் இல்லை.

என் மாணவர்களில் பிசியோதெரபி படித்தவர்கள் மதுரையிலும் கோவையிலும் துபாயிலும் இருக்கிறீர்கள். உங்கள் மருத்துவமனையில் இப்போது எந்தப் பலகை இருக்கிறது, பிள்ளைகள் எட்டு வாரம் முழுக்க வருகிறார்களா, எந்த வாரத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள் கண்ணுகளா. கபடி ஆடும் பிள்ளைகளின் பெற்றோர்கள் படிக்கட்டும்.